கோயில் மரம் நோயுற்றால்: மொட்டையடிப்பதா, வைத்தியமா, வெட்டி வேறு நடுவதா?

மலேசியாவில் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டங்கள் கைமாறின, தொழிலாளர் குடியிருந்த லயன் வீடுகள் இடிபட்டன, பால்மரம் என்ற ரப்பர் மரம் நின்ற இடத்தில் செம்பனையும் தாமான் என்ற புதுக் குடியிருப்புகளும் வந்தன. அதற்குப் பிறகும் பல இடங்களில் அப்படியே இருப்பவை கோயில், தமிழ்ப்பள்ளி, பக்கத்தில் ஒரு பெரிய மரம். பெரும்பாலும் அது தூங்குமூஞ்சி. சில இடங்களில் அங்சானா, அரசு, வேம்பு. அந்த மரத்தில் ஒரு கிளை முறிந்தாலோ, உச்சி காய்ந்தாலோ, அடியில் காளான் தெரிந்தாலோ, அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் மூன்று பேச்சு கிளம்பும். மேலே மொட்டையடித்துவிடலாம் என்பார் ஒருவர். மருந்து வைத்துப் பார்க்கலாம் என்பார் இன்னொருவர். எதற்குத் தொல்லை, வெட்டிவிட்டு வேறு நடுவோம் என்பார் மூன்றாமவர்.

தோட்டத்தில் வெளிக்காட்டு வேலையில் இருந்தவன், பிறகு கோயில், பள்ளி மரங்களைப் பார்த்துக்கொடுப்பவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோளாறு மரத்தின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பார்க்காமல் இந்த மூன்றில் எதையும் தேர்ந்தெடுக்கக் கூடாது. இலையிலும் சின்னக் கிளையிலும் என்றால் பெரும்பாலும் பொறுத்திருந்தால் போதும். தண்டில் என்றால் அளந்து பார்க்க வேண்டும். வேரில் என்றால் பல நேரங்களில் வெட்டுவதே சரி. மொட்டையடிப்பது இவற்றில் எதற்குமே பதில் இல்லை. ஆனால் நம் ஊரில் அதிகம் நடப்பது அதுதான்.

இது அழகுக்கான பேச்சு மட்டும் இல்லை. 2024 மே 7ஆம் தேதி கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்து ஒருவர் உயிரிழந்தார், பல வாகனங்கள் நசுங்கின. நம் மரத்தடியில் அன்னதானம் நடக்கிறது, பள்ளி விட்டதும் பிள்ளைகள் நிற்கிறார்கள். அதனால் பயப்படுவது தப்பில்லை. பயத்தில் தவறான வேலையைச் செய்துவிட்டு, பத்திரமாகிவிட்டது என்று நம்புவதுதான் ஆபத்து.

மொட்டையடிப்பது ஏன் மலிவாகத் தெரிகிறது

ஒரு லோரி, ஒரு செயின்சா, இரண்டு ஆட்கள். காலையில் வந்தால் மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிடும். மரம் பாதி உயரமாகிவிடும், நிர்வாகத்துக்கு நிம்மதி. இரண்டே மாதத்தில் வெட்டிய முனைகளில் பச்சைப் பசேலென்று துளிர் கிளம்பும். பார்த்தீர்களா, மரம் எப்படித் தழைக்கிறது என்று எல்லோரும் சந்தோஷப்படுவார்கள்.

அந்தத் துளிரைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். இயல்பாக வளர்ந்த கிளை, ஆண்டுக்கு ஆண்டு தண்டின் மரத்தோடு மரமாகப் பின்னிக்கொண்டு வளர்ந்தது. மொட்டைக்குப் பிறகு வரும் துளிர் அப்படி இல்லை. பட்டைக்குக் கீழே இருக்கும் மேல் அடுக்கில்தான் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. பசியில் இருக்கும் மரம் என்பதால் அது வேகமாக நீளும், நெருக்கமாக இலை விடும். அதே நேரத்தில் வெட்டுப்பட்ட பெரிய முகம் மழையில் ஊறி உள்ளே அழுகிக்கொண்டு போகும். மூன்று நான்கு வருடத்தில், அழுகும் கட்டையின் விளிம்பில் மேலோட்டமாக ஒட்டிய கனத்த கிளைகள் வரிசையாக நிற்கும். அதிகாலையில் சுமத்ரா தீவுப் பக்கமிருந்து வரும் பலத்த காற்று அடிக்கும்போது தோலோடு உரிந்து விழுவது இவைதான். முன்பு ஒரு கிளைக்குப் பயந்தோம், இப்போது இருபது கிளைக்குப் பயப்பட வேண்டும்.

வேருக்கும் அடி விழுகிறது. இலைதான் மரத்துக்குச் சோறு சமைக்கும் இடம். எல்லா இலையையும் ஒரே நாளில் எடுத்துவிட்டால், சேமித்து வைத்ததைத் தின்றுதான் மரம் துளிர்க்க வேண்டும். அந்தச் செலவில் வேருக்குப் பங்கு குறைகிறது, நுனி வேர்கள் சாகின்றன, வேர் அழுகலுக்கு வழி திறக்கிறது. ஆக, காற்றில் சாயாமல் இருப்பதற்காகச் செய்த வேலை, மரத்தை மண்ணில் பிடித்து வைத்திருக்கும் உறுப்பையே பலவீனப்படுத்துகிறது. பணக் கணக்கும் அப்படித்தான். ஒரு முறை மொட்டையடித்த மரத்தை அப்புறம் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். குறைந்த விலை என்று தொடங்கிய வேலை, முடிவே இல்லாத செலவாகிறது.

முறையாகக் கழிப்பது வேறு வேலை. காய்ந்தது, நோய்ப்பட்டது, ஒன்றோடு ஒன்று உராய்வது, கூரைமேல் நீளுவது என்று தேர்ந்தெடுத்து, கிளை தண்டில் சேரும் இடத்தில் இருக்கும் சற்றே புடைத்த கழுத்துக்கு வெளியே வெட்டுவது. கனமான கிளை என்றால் மூன்று வெட்டு. தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி அடிப்பக்கம் பாதி அளவு முதல் வெட்டு, அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது, கனம் போன பிறகு மிஞ்சிய துண்டைக் கழுத்தோரமாக மூன்றாவது. முதல் வெட்டு இல்லாவிட்டால் கிளை விழும்போது தண்டின் பட்டையை ஓர் ஆள் உயரத்துக்குக் கிழித்துக்கொண்டு போகும். கழுத்தையும் சேர்த்து வழவழவென்று சீவிவிடுபவர்கள் உண்டு. பார்க்கச் சுத்தமாக இருக்கும், ஆனால் மரம் புண்ணை மூடுவதற்கு வைத்திருக்கும் திசுவையே எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

மரத்துக்குப் புண் ஆறுவது என்பது நமக்கு ஆறுவது போல இல்லை. அழுகிய பகுதியை அது புதுப்பிப்பதில்லை, சுற்றிச் சுவர் எழுப்பி ஒதுக்கி வைக்கிறது. இதை விளக்கியவர் அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க மர ஆய்வாளர். ஆயிரக்கணக்கான மரங்களைச் செயின்சாவால் நீளவாக்கில் பிளந்து பார்த்தவர். வெட்டுக்காயத்தில் தாரோ பெயின்டோ பூசினால் அழுகல் நிற்பதில்லை என்பதும் அந்த ஆய்வுகளில் தெரிந்தது. பால்மரத்தின் வெட்டுப்பட்டைக்கு மருந்து பூசிப் பழகிய கைகளுக்கு இதை ஏற்றுக்கொள்வது கஷ்டம். ஆனால் நிழல்மரத்தில் சரியான இடத்தில் வெட்டுவதுதான் மருந்து. ஒரு தடவையில் மொத்த இலையில் கால் பங்குக்கு மேல் எடுக்கவும் கூடாது. வயதான மரம் என்றால் அதைவிடவும் குறைவு.

இலையில் தெரிவது

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நிர்வாகங்களை அதிகம் பயமுறுத்துவது இலை நோயும் புழுவும்தான், மரத்தைக் குறைவாகக் கொல்வதும் அவைதான். சரக்கொன்றையில் மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழு வந்து ஒரே வாரத்தில் மரத்தை எலும்பாக்கிவிடும். விட்டுவிடுங்கள், புதிதாகத் துளிர்த்துவிடும். கூண்டுப்புழு செம்பனையிலிருந்து நிழல்மரத்துக்கும் வரும். சிறிய மரம் என்றால் கூண்டைக் கையால் பிடுங்கி எடுத்து அழிக்கலாம், மிஞ்சினால் பேசில்லஸ் துரிஞ்சியன்சிஸ் என்ற பாக்டீரியா மருந்து உண்டு. புழு அதைத் தின்றால்தான் அது வேலை செய்யும், பிள்ளைகள் நடமாடும் இடத்துக்கு அதுவே ஏற்றது. மரத்தடியில் நிறுத்திய காரில் பிசுபிசுப்பு, இலையில் கரி பூசியது போன்ற படலம் என்றால் மேலே மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ இருக்கிறது. தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, காய்ந்த சிறு கிளைகளைக் கழித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். இலையைத் தைத்துக் கூடு கட்டும் கெரெங்கா எறும்பு கடிக்கிறது என்று எல்லாக் கூட்டையும் கொளுத்துகிறார்கள். அது புழுவை வேட்டையாடும் பிராணி. ஆள் நடக்கும் உயரத்தில் இருக்கும் கூட்டை மட்டும் எடுத்தால் போதும்.

புல்லுருவிக்கு மட்டும் அவசரம் காட்டுங்கள். பறவை எச்சத்தில் வந்து ஒட்டும் அந்தச் செடி கிளைக்குள் வேர் போல இறங்கி உறிஞ்சும். மேலே தெரியும் கொத்தை மட்டும் பிடுங்கினால் மறுபடி வரும். அது ஒட்டிய இடத்துக்கு ஓர் அடி கீழே கிளையையே வெட்ட வேண்டும். மரம் முழுக்க ஏறிவிட்டால், அந்த மரம் வேறு ஏதோ காரணத்தால் தளர்ந்திருக்கிறது, கீழே பார்க்க வேண்டும்.

மருந்து அடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்தில் மருந்து அடித்தவர்கள் பெரும்பாலும் நம் பெண்கள். முதுகில் தோம்பு, காலில் சிலருக்குச் செருப்புகூட இல்லாமல் பாரகுவாட் என்ற களைக்கொல்லியை அடித்த தலைமுறை அது. அந்தப் பாரகுவாட் மலேசியாவில் தடையானது 2020 ஜனவரி 1ஆம் தேதிதான். அதனால் கோயில் வளாகத்தில், பள்ளி வளாகத்தில், ஒரு இலைப்புள்ளிக்காக உயரமான மரத்துக்கு மேல்நோக்கி மருந்து பீய்ச்ச வேண்டும் என்று யாராவது சொன்னால், நான் ஒத்துக்கொள்வதில்லை. மருந்தில் பாதி காற்றோடு பக்கத்து வீட்டுக்குப் போகும், நோய் அடுத்த மழையில் திரும்பி வரும். தண்டில் துளைபோட்டு ஊசி மருந்து ஏற்றுவது அதைவிடப் பரவாயில்லை. ஆனால் ஒவ்வொரு துளையும் ஒரு புண், வருடாவருடம் துளைத்துக்கொண்டே இருக்க முடியாது.

தண்டில் தெரிவது

இங்கே நிதானம் வேண்டும், கொஞ்சம் பணமும் வேண்டும். தண்டில் பொந்து இருப்பதாலேயே மரம் விழுந்துவிடாது. வயதான தூங்குமூஞ்சியின் நடுமரம் உயிரில்லாதது, அது போனாலும் சுற்றுச்சுவர் நின்றால் மரம் நிற்கும். எவ்வளவு சுவர் வேண்டும் என்பதற்கு ஜெர்மனியின் கிளாஸ் மாத்தெக் ஒரு கணக்குச் சொன்னார்: ஆரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கெட்டியான மரமாக இருக்க வேண்டும். 120 சென்டிமீட்டர் விட்டமுள்ள தண்டு என்றால் ஆரம் 60, சுவர் சுற்றிலும் 20 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. பொந்து ஒரு பக்கம் வாய் திறந்திருந்தாலோ, மரம் சாய்ந்திருந்தாலோ இந்தக் கணக்கை நம்பக் கூடாது, அதற்கு மேல் வேண்டும்.

மரச் சுத்தியலால் தண்டைச் சுற்றித் தட்டிப் பார்ப்பது யாரும் செய்யக்கூடிய முதல் சோதனை. கெட்டியான இடம் இறுக்கமாக ஒலிக்கும், பொந்து பொத்தென்று ஒலிக்கும். அதற்கு அடுத்த படி ஒலிவரைவுக் கருவி. தண்டைச் சுற்றிச் சின்ன ஆணிகளில் உணரிகளை மாட்டி, ஒவ்வொன்றாகத் தட்டி, ஒலி குறுக்கே போகும் வேகத்தை வைத்து உள்ளே கெட்டி எது, அழுகல் எது என்று வண்ணப்படமாகக் காட்டும். கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆய்வுக் கழகமான ஃப்ரிம் இத்தகைய சோதனைகளில் அனுபவமுள்ள இடம். ஆர்போரிஸ்ட் எனப்படும் தகுதிச் சான்றுள்ள மர வல்லுநர்களும் நாட்டில் இருக்கிறார்கள். இந்தச் செலவு பெரிதாகத் தெரிந்தால், அதை மொட்டையடிப்பதன் செலவோடு ஒப்பிடாதீர்கள், மரம் மண்டபக் கூரையில் விழும் செலவோடு ஒப்பிடுங்கள்.

கரையான் விஷயத்தில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். காய்ந்த பட்டையைத் தின்னும் கரையானால் கெடுதல் இல்லை. கோப்டோடெர்மஸ் இனத்துக் கரையான் உயிருள்ள மரத்துக்குள்ளேயே போகும். பால்மரத்தை அடியோடு சாய்த்ததும் அதுதான். மண்பூச்சை ஒரு இடத்தில் உடைத்துப் பாருங்கள். வரும் சிப்பாய்க் கரையான் தலையிலிருந்து பால் போல வெள்ளைத் துளி விட்டால் அது கோப்டோடெர்மஸ். உடனே ஆள் கூப்பிடுங்கள், அவை நடமாடும் வழியில் தூண்டில் இரை வைத்து, கூட்டோடு அழிக்க வேண்டும். மண்பூச்சை மட்டும் சுரண்டிவிட்டு மருந்து தெளித்தால் அவை வேறு வழி போட்டுக்கொள்ளும்.

அங்சானாவுக்குத் தனி எச்சரிக்கை. நம் வேங்கைக்கு உறவான இந்த மரத்தை வாடல் நோய் அழித்த கதை பழையது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மலாக்காவிலும் பினாங்கிலும் சாலையோர அங்சானாக்கள் செத்தன, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூரில். 1980களில் அது சிங்கப்பூரில் மீண்டும் வந்தபோதுதான் காரணம் பிடிபட்டது: ஃபியூசேரியம் ஆக்சிஸ்போரம் என்ற பூஞ்சை. பிளாட்டிபஸ் பேரலெலஸ் என்ற துளைவண்டும் அதோடு சேர்ந்தே வருகிறது. இடி விழுந்த மரத்தை வண்டு முதலில் தேடி வரும், அங்கிருந்து பக்கத்து மரங்களுக்கு நோய் போகும். தண்டில் குண்டூசித் தலை அளவு துளைகள், கீழே மாவு போல மரத்தூள், மேலே ஒரு பக்கமாக இலை மஞ்சளாகி உதிர்வது என்று மூன்றும் சேர்ந்து தெரிந்தால் அந்த மரத்துக்கு வைத்தியம் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள். வெட்டி, கட்டையை அங்கேயே போட்டு வைக்காமல், அன்றே அப்புறப்படுத்த வேண்டும். வரிசையில் நிற்கும் மற்ற அங்சானாக்களைக் காப்பாற்ற அதுதான் வழி.

வேரில் தெரிவது

நம் பெரியவர்களுக்கு இந்த விஷயம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பால்மரத் தோட்டத்தில் மறுநடவு செய்யும்போது பழைய அடிக்கட்டையை ஏன் அவ்வளவு பாடுபட்டுப் பெயர்த்தோம்? ஒரு மரம் மஞ்சளித்தால் ஏன் அதைச் சுற்றிக் காண், அதாவது வாய்க்கால், வெட்டினோம்? குழியில் ஏன் கந்தகத் தூள் போட்டோம்? எல்லாம் வெள்ளை வேர் நோய்க்காக. ரிஜிடோபோரஸ் மைக்ரோபோரஸ் என்ற அந்தப் பூஞ்சை மண்ணுக்கடியில் வேரோடு வேர் தொட்டுப் பரவும். மேலே இலை மங்கும்போது கீழே ஆணிவேர் பாதி போயிருக்கும்.

அந்த அறிவைக் கோயில் வளாகத்துக்குள் வரும்போது மறந்துவிடுகிறோம். அடிமரத்தில் காளான் வந்தால் அதைப் பாராங் கத்தியால் செதுக்கி எறிந்துவிட்டு மஞ்சள் தண்ணீர் தெளிக்கிறோம். காளான் நோய் அல்ல, நோயின் காய். அது வெளியே வருவதற்கு முன்பே பூஞ்சை உள்ளே வெகுதூரம் போய்விட்டது. செம்பனையில் கனோடெர்மா காளான் தெரியும்போது அடித்தண்டில் பாதி அழுகியிருக்கும் என்பதை மில் வேலை செய்பவர்கூட அறிவார். நிழல்மரத்திலும் அதே குடும்பத்துக் காளான்தான், அதே பாடம்தான்.

எந்த வேர் நோய் என்பதைத் தெரிந்துகொள்ள, அடிமரத்திலிருந்து இரண்டடி தள்ளி ஒரு தடித்த வேரின் மேல் மண்ணைக் கையால் விலக்குங்கள், மண்வெட்டி வேண்டாம். வேரின் மேல் வெள்ளை நூல்கள் தட்டையாகப் பரவி ஒட்டியிருந்தால் வெள்ளை வேர் நோய். சிவந்த தோல் போல மூடியிருந்து, கழுவினால் பளபளத்தால் சிவப்பு வேர் நோய். மண்ணும் மணலும் கழுவினாலும் போகாத பொருக்காக வேரோடு ஒட்டி, உள்ளே மரத்தில் தேன்கூடு போல பழுப்புக் கோடுகள் ஓடினால் பழுப்பு வேர் நோய், ஃபெலினஸ் நாக்சியஸ். மூன்றிலும் நான் அதிகம் அஞ்சுவது இந்தக் கடைசியை. நூற்றுக்கணக்கான மர வகைகளைத் தாக்கும், மண்ணில் மிஞ்சிய வேர்த்துண்டில் பத்தாண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும்.

வைத்தியமா, வெட்டுவதா என்ற கேள்வி இங்கேதான் உண்மையாக எழுகிறது. சுற்றளவில் சிறு பகுதி வேர் மட்டும் பாதிக்கப்பட்டிருந்தால், நோய்ப்பட்ட வேரை வெட்டி எடுத்து, தண்டு வேராகும் இடமான வேர்க்கழுத்தைத் திறந்து வைத்து, ஹெக்சகோனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லியை அடியில் ஊற்றலாம். பால்மரத்தில் இந்த முறை பழகியது. இளமரத்தில், ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் பலன் தருகிறது. ஆனால் ஐம்பது வயது மரத்தின் வேர் கிளை விரிப்பைவிட அகலமாக, மண்டபத்துக்கு அடியிலும் சாலைக்கு அடியிலும் போயிருக்கிறது. மருந்து அங்கே போகாது. காற்று அடிக்கும் பக்கத்து வேரோ, மரம் சாய்ந்திருப்பதற்கு எதிர்ப்பக்கத்து வேரோ போயிருந்தால், இலை எவ்வளவு பச்சையாக இருந்தாலும் நான் வெட்டச் சொல்கிறேன். வேர் அழுகிய மரம் காய்ந்து, எச்சரித்து, பிறகு விழும் என்று எதிர்பார்க்க முடியாது. பச்சை இலையோடு, மழையில் நனைந்த கனத்தோடு, முழுசாகச் சாயும்.

அந்த முடிவைச் சொல்வது எளிதில்லை. அம்மன் குடியிருக்கும் மரம் என்று நம்புகிறவர்களிடம் வெட்டச் சொல்வது நெஞ்சை அறுக்கும் பேச்சு. சிலர் மரத்துக்குப் பூசை செய்து, அனுமதி கேட்டு, அதே மரத்தின் விதையில் எழுந்த கன்றை வேறு இடத்தில் நட்டுவிட்டு வெட்டுகிறார்கள். அது சரியான வழி என்றே எனக்குப் படுகிறது. தாய்மரத்தின் வம்சம் நிற்கிறது, கீழே நிற்கும் பிள்ளைகளும் பத்திரம்.

பக்திக்கும் பராமரிப்புக்கும் நடுவே

வைத்தியம் என்ற இரண்டாவது வழியில் மிகப் பெரிய பகுதி மருந்தே இல்லை, தொல்லை கொடுக்காமல் இருப்பது. நான் பார்த்த நோயுற்ற கோயில் மரங்களில் பாதிக்கு மேல் காரணம் மனிதக் கைதான்.

அரசமரத்தைச் சுற்றி சிமெண்டு மேடை கட்டி, டைல்ஸ் ஒட்டி, தண்டை ஒட்டி இறுக்கிவிடுகிறோம். மரத்தின் பெரும்பாலான வேர்கள் மண்ணின் மேல் இரண்டடிக்குள்தான் இருக்கின்றன. அவற்றுக்குக் காற்றும் வேண்டும். மேடைக்கு அடியில் மண் நிரப்பி உயர்த்தினால் வேர்க்கழுத்து புதைந்து அழுகும். மேடை வேண்டும் என்றால் தண்டுக்கும் கட்டுமானத்துக்கும் நடுவே நல்ல இடைவெளி விட்டு, மண்மட்டத்தை உயர்த்தாமல் கட்டலாம். கற்பூரமும் அகல்விளக்கும் தண்டோடு ஒட்டி எரிந்தால் பட்டைக்கு அடியில் உள்ள உயிர்த்திசு வெந்துவிடும், ஒரு முழம் தள்ளிக் கல்லில் வைத்தால் அம்மன் குறை சொல்லமாட்டாள். திருவிழா லைட் வயரைத் தண்டைச் சுற்றிக் கட்டி, பிறகு எடுக்காமல் விட்டால் தண்டு பருத்து வயரை விழுங்கும். அந்தச் சுற்றில் மேலிருந்து கீழே உணவு இறங்குவது தடைபடும்.

அப்புறம் புல் வெட்டும் இயந்திரம். காண்ட்ராக்டர் ஆள் வேகமாக வேலை முடிக்க, நைலான் நூலைத் தண்டின் அடிவரை கொண்டுபோவார். ஒவ்வொரு முறையும் பட்டை கொஞ்சம் உரியும். இளமரத்தின் அடியில் குனிந்து பாருங்கள், கணுக்கால் உயரத்தில் சுற்றிலும் வெள்ளையாக, மெழுகு போல வழுக்கும் வளையம் தெரியும். அந்த வளையம் முழுசாகச் சேர்ந்தால் மரம் செத்தது. மருந்து, உரம், ஊசி எதுவும் அதைத் திருப்பாது. தண்டைச் சுற்றி இரண்டு மூன்றடி வட்டத்துக்குப் புல்லை எடுத்துவிட்டு, மக்கிய இலையோ மரச்சீவலோ மூன்று அங்குலத்துக்குப் போட்டு, தண்டைத் தொடாமல் ஒரு கை இடைவெளி விட்டால் இயந்திரம் கிட்டேயே வராது. ஒரு வெள்ளி செலவில்லாத இந்த வேலை, ஆயிரம் வெள்ளி மருந்தைவிட அதிக மரங்களைக் காப்பாற்றும்.

சாலையோரக் கால்வாய்க்கோ தண்ணீர்க் குழாய்க்கோ தோண்டும்போது நிர்வாகத்தில் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். தண்டின் விட்டத்தைப்போல பன்னிரண்டு மடங்கு தூரம் வரை வேர்ப் பாதுகாப்பு வட்டம் என்பது நிபுணர்கள் வைத்திருக்கும் அளவு. 80 சென்டிமீட்டர் மரம் என்றால் ஒன்பது மீட்டருக்கும் மேல். ஒரு பக்கம் வேர் முழுவதையும் வெட்டிக் காண் எடுத்த மரம், அடுத்த மழைக்காலத்தில் அந்தப் பக்கத்துக்கு எதிராகச் சாய்வதைப் பார்த்து, நோய் என்று பேசிக்கொள்கிறார்கள்.

வெட்டுவது என்று முடிவானால்

1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில், மண்ணிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் 0.8 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை வெட்ட உள்ளூர்த் திட்டமிடல் அமைப்பின் எழுத்து அனுமதி வேண்டும் என்று இருக்கிறது. செத்த மரத்துக்கும், உடனடி ஆபத்தான மரத்துக்கும் விலக்கு உண்டு. சொந்த நிலம், கோயில் நிலம் என்று நினைத்துவிடாதீர்கள். சுங்கை சிப்புட்டில் இருப்பவர்கள் கோலகங்சார் நகராண்மைக்கழகத்தில் முதலில் எழுதிக் கேளுங்கள். மரத்தின் படம், காளான் படம், வேரின் படம் என்று சேர்த்துக் கொடுத்தால் பதில் சீக்கிரம் வரும். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் மின்சார நிறுவனமான தெனாகா நேஷனலிடம் சொல்லாமல் யாரும் ஏறக் கூடாது.

வேர் நோயால் வெட்டிய மரம் என்றால் அடிக்கட்டையை விட்டுவைப்பது வேலையைப் பாதியில் நிறுத்துவது. கட்டையையும் கை மொத்தத்துக்கு மேல் உள்ள வேர்களையும் தோண்டி எடுத்து வளாகத்துக்கு வெளியே கொண்டுபோக வேண்டும். அதே குழியில் உடனே புது மரம் நடக் கூடாது. முடிந்தால் சில மீட்டர் தள்ளி நடுங்கள். பழைய இடத்தில் சில வருடம் புல்லும் பூச்செடியும் இருக்கட்டும்.

என்ன நடுவது? தூங்குமூஞ்சி மீது எனக்கு அளவில்லாத பிரியம். தைப்பிங் ஏரிப் பூங்காவில் 1880களில் நட்டவை இன்னும் சாலைமேல் கிளை நீட்டி நிற்கின்றன. ஆனால் அங்கே அவற்றுக்கு ஏரிக்கரை முழுவதும் இருக்கிறது. முப்பது மீட்டர் விரியும் மரத்தை, தாமானுக்கும் மண்டபத்துக்கும் நடுவே ஐந்து மீட்டர் இடத்தில் நட்டால், இருபது வருடத்தில் மறுபடி மொட்டையடிப்புப் பேச்சு வரும். பள்ளித் திடல், கோயில் குளக்கரை என்று இடம் இருந்தால் நடுங்கள். இல்லாத இடத்துக்கு மகிழம் நல்லது. மெல்ல வளரும், கிளை கெட்டி, மணம் உண்டு, பூசைக்கும் ஆகும். புன்னையும் அப்படித்தான், ஆனால் அதன் காய் உருண்டு விழுவதால் நடைபாதை மேல் வேண்டாம். பூமருது பூக்கும்போது பள்ளிக்கே களை வரும், நடுத்தர இடத்துக்குப் போதும். வேம்பு நம் ஆசை மரம், ஆனால் அது வறண்ட நாட்டு மரம். தீபகற்பத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. தண்ணீர் தேங்கும் மண்ணில் அது நுனி காய்ந்து காய்ந்து தளரும். மேட்டுப் பகுதி, நல்ல வடிகால் இருந்தால் மட்டும் வையுங்கள். ஒரே வகையை வரிசையாக நடாமல் மூன்று நான்கு வகை கலந்து வைத்தால், அங்சானாவுக்கு நேர்ந்தது போல ஒரே நோயில் எல்லாம் போகாது.

கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பொலிபேக்கைக் கிழித்து வேரைப் பாருங்கள். நர்சரியில் ரொம்ப நாள் கிடந்த கன்றின் வேர் பைக்குள் வட்டமாகச் சுற்றியிருக்கும். அப்படியே நட்டால் பதினைந்து வருடம் கழித்து அந்த வேரே தண்டை நெரிக்கும். சுற்றிய வேரைக் கத்தரித்து நேராக்க முடியாவிட்டால் அந்தக் கன்றை வாங்காதீர்கள். குழி வேர்க்கட்டியைப்போல இரண்டு மடங்கு அகலம், ஆழம் மட்டும் வேர்க்கட்டி அளவுக்கே. தண்டு விரிந்து வேராகும் இடம் மண்ணுக்கு மேல் தெரிய வேண்டும். முட்டுக்கம்பு தளர்வாகக் கட்டி, ஒரு வருடத்தில் எடுத்துவிடுங்கள். காற்றில் ஆடினால்தான் அடிமரம் பருக்கும், வேரும் பிடிக்கும்.